ரொட்டி அடுப்பில் வெந்த கைப்பிடிகள்

பேக்கலைட் உடைவதற்கு முன் எந்த அறிகுறியும் காட்டாது. மரம் முனகும். இரும்பு வளையும். பிளாஸ்டிக் குடம்கூட விரிசல் விடுவதற்கு முன் அந்த இடத்தில் வெளுத்துக் காட்டும். பேக்கலைட் பளபளவென்று இருந்தபடியே இருக்கும். அடுத்த நொடி இரண்டாகக் கிடக்கும். எண்பதுகளின் நடுவில் ஓர் ஆனி மாதக் காலையில், திண்டிவனத்தில் என் தங்கையின் கணவர் நடத்தி வந்த ஷெட்டில், சென்னையிலிருந்து திரும்பி வந்த சாக்கு மூட்டை ஒன்றை அவிழ்த்துத் தரையில் கொட்டினோம். உள்ளே இருந்தவை கருப்புப் பேக்கலைட்டில் செய்த குக்கர் கைப்பிடிகள். விழுந்த வேகத்தில் சில எங்கள் கண் முன்னாலேயே பிளந்தன.

"பாத்தீங்களா மச்சான்? அவங்க சொன்னது பொய் இல்ல," என்றார் மாப்பிள்ளை. குனிந்து இரண்டு துண்டுகளை எடுத்து ஒட்டவைப்பதுபோல் பொருத்திப் பார்த்தார். உடைந்த இடம் கண்ணாடிபோல் மின்னியது.

ஷெட் மயிலம் போகும் சாலையில் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நான்கு பிரஸ் இயந்திரங்கள், அவற்றில் வேலை செய்த பெண்கள் சிலர். சூடாக இருக்கும் அச்சுக்குள் கருப்புத் தூளைக் கொட்டி, அழுத்தி, சில நிமிடம் வேகவிட்டுத் திறந்தால் கைப்பிடி வரும். ஓரத்துப் பிசிறை அரத்தால் தேய்த்து எடுத்தால் வேலை முடிந்தது. சென்னையில் குக்கர் தயாரிக்கும் ஒரு கம்பெனிதான் எங்களுடைய ஒரே பெரிய வாடிக்கை. அவர்கள் புதிதாக இரண்டு நிபந்தனை வைத்திருந்தார்கள். கைப்பிடி கீழே விழுந்தால் உடையக் கூடாது. அடுப்புச் சூட்டில் கொப்புளிக்கக் கூடாது. முதல் நிபந்தனையிலேயே எங்கள் சரக்கு திரும்பிவிட்டது.

இதில் தொழில் மட்டும் மாட்டிக்கொண்டிருக்கவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா மகன் மஸ்கட்டில் இருந்தார். அவர் ஒரு விசா ஏற்பாடு செய்து வைத்திருந்தார். தீபாவளி கழிந்து கொஞ்ச நாளுக்குள் கிளம்பாவிட்டால் அது கைவிட்டுப் போகும். கம்பெனி சரக்கை ஏற்றுக்கொண்டால் இங்கேயே இருப்பது, இல்லையென்றால் ஷெட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடுவது என்று மாப்பிள்ளை முடிவு செய்திருந்தார். போனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வர முடியும். அவர்களுடைய மகள் அப்போதுதான் முழு வாக்கியம் பேசத் தொடங்கியிருந்தாள்.

அன்று மதியம் தங்கை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். அவள் என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். எங்கள் பெற்றோர் சொந்த ஊரான கெடாரில் காலமான பிறகு அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்தது நான்தான். சோற்றைப் போட்டுவிட்டுக் கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ கெமிஸ்ட்டு தான அண்ணா?"

"ஆமா."

"ஒரு கைப்பிடி உடையாம பண்றது அவ்ளோ கஷ்டமா? அது உடையலன்னா இவரு இங்கயே இருப்பாரு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

செய்கிறேன் என்று சொன்னேன். அந்த நேரத்தில் அதை நம்பித்தான் சொன்னேன்.

சென்னைக்கு வடக்கே ஒரு பிசின் ஆலையில் நான் பல வருடம் வேலை செய்தவன். அது மூடப்பட்ட பிறகு, மனைவிக்கு ஆசிரியை வேலை விழுப்புரத்தில் இருந்ததால், அங்கே வந்து சேர்ந்தேன். அந்த ஆனி மாதத்திலிருந்து தினமும் காலை பாசஞ்சர் ரயிலில் திண்டிவனம் போய்ச் சாயங்காலம் திரும்பினேன். முண்டியம்பாக்கம் வரும்போது சர்க்கரை ஆலையின் வாசனை பெட்டிக்குள் வரும். பேரணி தாண்டும்போது அன்று செய்ய வேண்டியதை மனதில் வரிசைப்படுத்தி முடித்திருப்பேன். எதையும் வரிசைப்படி செய்து பழகியவன் நான். செய்வதை அன்றன்றே எழுதியும் வைப்பேன். பழைய ஆலையில் இதற்காக என்னைக் கிண்டல் செய்வார்கள்.

கடையில் வாங்கும் தூளை நிறுத்திவிட்டு நாமே பிசின் காய்ச்சுவது என்று முடிவெடுத்தோம். பழைய சாமான் கடையில் ஒரு சிறிய கெட்டில், அதாவது மூடியுள்ள கொப்பரை, கிடைத்தது. இந்த வேலையை விளக்க வேண்டுமென்றால் இப்படிச் சொல்லலாம். பீனாலும் பார்மலினும் சேர்ந்து வெந்தால் பிசின் வரும். அதை ஆறவைத்து, இறுக்கும் மருந்தும் மரத்தூளும் சேர்த்து அரைத்தால் அச்சில் போடும் தூள். அந்தப் பிசினின் மூலக்கூறுகள் சூட்டில் ஒன்றையொன்று எல்லாப் பக்கமும் பிடித்துக்கொண்டு நெருக்கமான வலையாக இறுகிவிடும். அதனால்தான் பேக்கலைட் சூடு தாங்குகிறது. ஒருமுறை இறுகிய பிறகு உருகுவதே இல்லை. அதே நெருக்கத்தால்தான் அடி விழுந்தால் வளைந்து கொடுக்க இடமில்லாமல் உடைகிறது.

இடம் உண்டாக்க ஒரு வழி எனக்குத் தெரிந்திருந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டையை வறுத்து உடைக்கும் இடங்களில் ஓட்டிலிருந்து ஒரு கருப்பு எண்ணெய் வடியும். தோலில் பட்டால் புண்ணாகிவிடும். ஆனால் அதுவும் ஒரு வகைப் பீனால்தான். நீளமான ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும் பீனால். எண்ணெயைப் பிசினோடு சும்மா கலந்தால் பயனில்லை, சூட்டில் வியர்வைபோல் வெளியே வந்துவிடும். காய்ச்சும்போதே சாதாரணப் பீனாலையும் இந்த வால் பீனாலையும் ஒரே சங்கிலியில் கோர்த்துவிட வேண்டும். இப்படி இருவகை மூலக்கூறுகள் ஒரே சங்கிலியில் அமைந்ததைக் கோபாலிமர் என்பார்கள். வலைக்கு நடுவே வால்கள் கிடப்பதால் வலை கொஞ்சம் தளர்ந்து, அடியை வாங்கிக்கொள்ளும்.

அந்த எண்ணெய் டின்களில் வந்து இறங்கிய அன்று ஷெட்டே மூக்கைப் பிடித்துக்கொண்டது. பிரஸ் போடும் பெண்களில் மூத்தவர், "இன்னா சார் இது, ரோடு போடறீங்களா?" என்றார்.

"கைப்பிடி போடறோம்."

"கைப்பிடி வர்றதுக்குள்ள எங்க கை போயிடும்போல."

அவர்களுக்கு உறை வாங்கிக் கொடுத்தேன். கெட்டிலை நானே கவனித்தேன். பதம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு துளியை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விட வேண்டும். நொறுங்கினால் பதம், இழுத்தால் இன்னும் வேக வேண்டும். சாப்பாடு கொண்டுவந்த தங்கை ஒருநாள் இதை வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தாள். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர்.

"மல்லாட்டை உருண்டைக்குப் பாகு பாக்கற மாதிரியே பாக்கறியே அண்ணா. இவ்ளோ படிச்சி கடைசியில இதானா?"

"இதேதான்."

"அப்போ என்னையே கூப்பிட்டிருக்கலாம்ல," என்றாள். அன்று அவளுக்கு நம்பிக்கை இருந்தது. எனக்கும் இருந்தது.

முதல் மாதிரிகளை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையும் நானும் சென்னை போனோம். கம்பெனியின் தர ஆய்வாளர் பொறுமையான மனிதர். மேசை மேல் ஏறி நின்று கைப்பிடியைத் தரையில் போட்டார். துள்ளிப்போய் பீரோவுக்கு அடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தார், உடையவில்லை. மறுபடி போட்டார், உடையவில்லை. மாப்பிள்ளை என் முழங்கையை அழுத்தினார். பிறகு ஆய்வாளர் இன்னும் சிலவற்றை மின் அடுப்புக்குள் வைத்துவிட்டு, காத்திருக்கச் சொன்னார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது அவை ஒரு தட்டில் கிடந்தன. அம்மை வார்த்ததுபோல் உடம்பெல்லாம் கொப்புளம். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது.

"போன தடவை உடைஞ்சிது, பொங்கல. இந்தத் தடவை உடையல, பொங்குது," என்றார் ஆய்வாளர். "எனக்கு ரெண்டும் வேணும் சார். ரெண்டும் இருந்தா ஆர்டர் உங்களுக்குத்தான்."

காரணம் எனக்கு உடனே விளங்கியது. அடி தாங்குவதற்கு உதவும் வால்தான் சூட்டில் முதலில் தளர்வதும். எண்ணெயைக் குறைத்தால் சூடு தாங்கியது, தரையில் போட்டால் உடைந்தது. கூட்டினால் துள்ளியது, அடுப்பில் பொங்கியது. ஆடி மாதம் முழுவதும் ஒரு பக்கம் ஏற்றி, மறுபக்கம் இறக்கிக்கொண்டிருந்தேன். தராசு நடுவில் நிற்கவே இல்லை. சென்னையில் பழைய நண்பர் ஒருவரிடமிருந்து கொஞ்சம் நைட்ரைல் ரப்பர் வாங்கி வந்து அதையும் சங்கிலியோடு சேர்த்தேன். அது எண்ணெயைவிடச் சூட்டுக்குப் பரவாயில்லை. அளவைக் குறைத்து எண்ணெயும், அளவாக ரப்பரும் வைத்தபோது அடி தாங்கியது. சூடு மட்டும் இன்னும் எட்டவில்லை. ஆனால் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

மிச்சத் தூரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். அச்சிலிருந்து எடுக்கும் கைப்பிடி பார்க்க வெந்ததுபோல் இருக்கும், ஆனால் உள்ளே பாதிதான் வெந்திருக்கும். அதை ஓர் அடுப்பில் வைத்து, மெதுவாகச் சூடேற்றி, பல மணி நேரம் அப்படியே விட்டால் மிச்ச வலையும் பின்னி முடியும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் உள்ளே சிக்கிய ஆவி கொப்புளமாகிவிடும். பழைய ஆலையில் இதற்கென்று ஆள் உயரத்துக்கு மின் அடுப்புகள் இருந்தன. எங்கள் ஷெட்டுக்கு வந்த மின்சாரம் நான்கு பிரஸ்ஸுக்கே பற்றாது. கூடுதல் இணைப்புக்கு விண்ணப்பித்தால் அடுத்த வருடம்தான் கிடைக்கும். மின்வெட்டு வேறு.

"மெதுவா சூடாவுற அடுப்பு தான வேணும்?" என்றார் மாப்பிள்ளை. "பேக்கரி அடுப்பு ஆவாதா?"

கடைத்தெருவில் ஒரு பாய் பேக்கரி வைத்திருந்தார். செங்கல்லால் கட்டிய பெரிய அடுப்பு. சவுக்குக் கட்டை எரித்து, தணலை வாரிவிட்டு, அந்தச் செங்கல் சூட்டிலேயே விடியற்காலையில் பன்னும் ரொட்டியும், மதியம் ரஸ்க் மாதிரியான வறுக்கியும் போடுவார். வறுக்கி எடுத்த பிறகு மறுநாள் வரை அடுப்பு சூட்டோடு சும்மா கிடக்கும். பாய் நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.

"குக்கர் கைப்பிடியா? அடுப்புலயா? நானும் எத்தினியோ பாத்துட்டேன் சார். கல்யாணத்துக்கு ஆட்டுத் தொடை கொணாந்து வெக்கறான், வைத்தியர் பஸ்பம் கொணாந்து வெக்கறார். நீங்க கைப்பிடி. வெச்சிக்கோங்க. ஆனா காலையில நான் கட்டை போடறதுக்குள்ள ஜல்தி எட்த்துடணும். லேட்டாச்சின்னா எனக்குப் பேஜாரு."

ஒரு சிக்கல் இருந்தது. எங்களுக்கு வேண்டியது மெதுவாக ஏறும் சூடு. பேக்கரி அடுப்பிலோ தொடக்கத்தில் அதிகமாக இருந்து பிறகு இறங்கும் சூடு. வெறுமனே வைத்தால் முதல் பத்து நிமிடத்திலேயே கொப்புளித்துவிடும். இதைச் சொன்னதும் மாப்பிள்ளை சிரித்தார்.

"மல்லாட்டை வறுக்கறவன் எதுல வறுக்கறான் மச்சான்? மணல்ல தான? மணல்ல பொதைச்சி வெச்சா சூடு மெதுவாத்தான உள்ள போவும்?"

சரியாகத்தான் இருந்தது. ஆற்று மணலைச் சலித்துக் கழுவிக் காயவைத்தோம். மாவு டின்களில் ஓர் அடுக்கு மணல், ஓர் அடுக்கு கைப்பிடி என்று நிரப்பினோம். மூடியைச் சுற்றிக் களிமண் பூசினோம். முதல் தடவை இரண்டே டின்கள். தெர்மாமீட்டரை ஒரு டின்னின் நடுவில் செருகிவிட்டு மாலை ரயிலைப் பிடித்தேன். மறுநாள், விடியுமுன் மாப்பிள்ளை எடுத்து வைத்திருந்த டின்களின் மணலைக் கொட்டி எடுத்தபோது கைப்பிடிகள் கொஞ்சம் மங்கலாக, ஆனால் ஒரு கொப்புளமும் இல்லாமல் இருந்தன. துணியால் துடைத்ததும் பளபளப்பு வந்தது. கல் தரையில் ஓங்கிப் போட்டேன். துள்ளியது.

அந்த மாதிரிகள் சென்னையில் இரண்டு சோதனையிலும் தேறின. ஆய்வாளர் மின் அடுப்பிலிருந்து எடுத்த கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைச் சூட்டோடேயே தரையில் போட்டார். உடையவில்லை. "இப்படி ஒண்ணு பெரிய கம்பெனிக்காரங்ககூடக் கொண்டுவரல சார்," என்றார். ஐப்பசி முடிவதற்குள் முதல் சரக்கு வந்துவிட வேண்டும் என்று ஆர்டர் கையில் கொடுத்தார்.

தங்கை அன்று கேசரி செய்திருந்தாள். மாப்பிள்ளை மகளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தார். "மஸ்கட்டுக்குப் போன் போட்டு வரலன்னு சொல்லிடுங்க," என்றாள் தங்கை. "மொத லாட்டு போவட்டும், சொல்லிடறேன்," என்றார் அவர். நான் இரண்டாம் முறை கேசரி வாங்கிக்கொண்டேன். என் நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தில் தேதியைத் தவிர நான்கே சொற்கள் இருக்கின்றன: அடி தாங்குகிறது. சூடு தாங்குகிறது.

மாதிரி வேறு, சரக்கு வேறு. புரட்டாசிக் கடைசியில் இரண்டு டின் வைத்த இடத்தில் அடுப்பு கொள்ளும்வரை டின்களை அடுக்கினோம். பிசின் வேகும்போது அமோனியாவும் கொஞ்சம் பீனாலும் வெளியேறும். இரண்டு டின்னில் வந்ததை மணலும் களிமண்ணும் அடக்கிவிட்டிருந்தன. அத்தனை டின் சேர்ந்தபோது களிமண் ஆங்காங்கே வெடித்து, வந்த ஆவியெல்லாம் செங்கல்லுக்குள் ஏறிக்கொண்டது. டின்களை எடுக்கும்போது லேசாகத்தான் வாசனை வந்தது. பாய் வழக்கம்போல் கட்டை எரித்தார், தணலை வாரினார், பன்னை உள்ளே தள்ளினார். சூடேறிய செங்கல் தான் குடித்ததையெல்லாம் பன்னுக்குக் கொடுத்துவிட்டது.

நான் ரயிலிலிருந்து இறங்கி ஷெட்டுக்குப் போனபோது பாய் அங்கே உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பொட்டலம். பிரித்து ஒரு பன்னை என்னிடம் நீட்டினார்.

"பிட்டுப் பாருங்க சார்."

பிட்டேன். பீனால். ஆஸ்பத்திரி நெடி, எத்தனையோ வருடம் என் சட்டையில் இருந்த வாசனை.

"டீக்கடைக்காரன் மொத்தத்தையும் திருப்பிட்டான். இன்னா பாய், பன்னுக்குள்ள ஊசி மருந்து வெச்சிக்கினு விக்கிறியா, தின்னுட்டுத் தோளைத் தேய்ச்சிக்கணுமான்னு கேக்கறான். இன்னொருத்தன், ஆஸ்பத்திரிக்குப் போவ வாணாம், பாய் கடைக்குப் போனா போதும்ன்றான்."

பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பாயும் சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. யாரும் சாப்பிடக் கூடாது, ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் புதைத்துவிடுங்கள் என்று சொன்னேன். அன்று முழுவதும் அவர் வெறும் அடுப்பில் கட்டை எரித்தார். மறுநாள் சுட்ட ரொட்டியிலும் வாசனை இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. கடைசியில் அடுப்பின் தளக்கல்லையே பெயர்த்து மாற்ற வேண்டியதாயிற்று. அந்தச் செலவை மாப்பிள்ளை கொடுத்தபோது பாய் பாதியைத்தான் வாங்கிக்கொண்டார்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல சார். நீங்களும் தெரிஞ்சா செஞ்சீங்க? ஆனா இனிமே வாணாம். இது சாப்புடற அடுப்பு."

அவரிடம் மேலே என்ன கேட்க முடியும்? ஊரில் இருந்த இன்னொரு பேக்கரிக்குப் போனோம். நாங்கள் உட்காருவதற்கு முன்பே, "அந்தப் பினாயில் கைப்பிடி ஆளுங்க நீங்க தான?" என்று கேட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். விழுப்புரத்தில் இரண்டு இடத்தில் நானே போய்க் கேட்டேன். அங்கேயும் பன் கதை எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. ரயிலில் வந்திருக்க வேண்டும், என்னோடேயே.

அப்போதுதான் சொந்தமாக அடுப்பு கட்டுவது என்று மாப்பிள்ளை சொன்னார். ஷெட்டுக்குப் பின்னால் இடம் இருந்தது. பேக்கரி அடுப்பு கட்டிப் பழகிய ஒரு கொத்தனார் பக்கத்து ஊரான பிரம்மதேசத்திலிருந்து வந்தார். நன்றாகவே கட்டினார். கட்டி முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இது காயறதுக்கு ஒரு மாசமாவது ஆவும் சார். அப்புறமும் மொதல்ல சின்னச் சின்னதாத்தான் தீ போடணும். ஈரத்தோட பெருசா போட்டீங்கன்னா சூடு நிக்காது, அடுப்பும் வெடிச்சிடும்."

மறுநாள் ஐப்பசி மழை தொடங்கியது.

அந்த நாட்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அடுப்பின் மேல் தார்ப்பாய் கட்டினோம். தரையிலிருந்து ஈரம் ஏறியது. சுற்றிலும் வாய்க்கால் வெட்டினோம். சின்னத் தீ போட்டால் செங்கல்லிலிருந்து ஆவிதான் வந்தது. உள்ளே தெர்மாமீட்டர் வைத்தால் வாய்ப்பக்கம் ஒரு சூடு, பின்பக்கம் ஒரு சூடு. ஈரம் இருக்கும் இடமெல்லாம் சூட்டைத் தின்றது. என்ன நடக்கிறது என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். ஈரமான செங்கல் ஏன் சூடு பிடிக்காது, எவ்வளவு தண்ணீர் வெளியேற வேண்டும், எல்லாவற்றையும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். மழையை நிறுத்தத்தான் முடியாது. குடையைப் பிடித்துக்கொண்டு அந்த அடுப்பின் வாயைப் பார்த்தபடி நிற்பேன். பிரஸ் போடும் பெண்கள் அவ்வப்போது வந்து எட்டிப் பார்ப்பார்கள். மூத்தவர் ஒருநாள், "குழந்தைக்கு ஜுரம் விட்டுதான்னு பாக்கற மாதிரி நிக்கறீங்களே சார்," என்றார். பிறகு அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளேயிருந்து எனக்கு ஒரு முக்காலி எடுத்து வந்து போட்டார்.

ஐப்பசி முடியப்போகிறது. வேறு வழியில்லாமல் அந்த அடுப்பிலேயே வேகவைத்தோம். முன்வரிசை டின்களில் இருந்தவை பச்சையாகவே இருந்தன. பின்வரிசையில் இருந்தவை வெளுத்துக் கொப்புளித்தன. நடுவரிசை மட்டும் நன்றாக வந்தது. நல்லதை மட்டும் பொறுக்கினால் எண்ணிக்கை போதவில்லை. சந்தேகமானதையும் சேர்த்து மூட்டை கட்டி அனுப்பினோம். ஆய்வாளர் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் சிலவற்றை உருவி எடுத்துச் சோதித்தார். எங்கள் எதிரிலேயேதான் செய்தார். ஒன்று துள்ளியது, ஒன்று பொங்கியது, ஒன்று உடைந்தது.

"மாதிரி ரொம்ப நல்லா இருந்தது சார்," என்றார் என்னைப் பார்த்து. "இது அது இல்ல."

"ஒரு மாசம் டைம் கொடுத்தீங்கன்னா..." என்று தொடங்கினேன்.

"என் கையில இருந்தா கொடுப்பேன். குக்கர் பெட்டி போட்டு ரெடியா நிக்குது. கைப்பிடி இல்லாம எப்படி அனுப்பறது?"

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. திரும்பி வரும் பேருந்தில் மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். மேல்மருவத்தூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், உங்களுக்குத் தெரியாததுன்னு ஒண்ணும் இல்ல," என்றார். "கோளாறு எங்க, அதுக்கு இன்னா பண்ணணும், எல்லாம் சொல்லிட்டீங்க. எனக்கும் புரிஞ்சிது. தெரிஞ்சிக்கினு இன்னா பண்றது?"

"இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம் மாப்ளே. தை மாசம் காஞ்சிடும்."

"விசா தை வரைக்கும் நிக்காது மச்சான்."

அவர் என் கையின் மேல் கை வைத்தார், நான்தான் ஊருக்குப் போகிறவன் என்பதுபோல.

கார்த்திகையில் அவர் போனார். ஓமந்தூரிலிருந்து அவருடைய அண்ணன் வந்திருந்தார். திண்டிவனம் பேருந்து நிலையத்தில் சென்னை வண்டி நின்றுகொண்டிருந்தது. தங்கை அழுவாள் என்று நினைத்தேன். பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தாள், தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாரா என்று கேட்டாள். "அப்பாவுக்கு டாட்டா சொல்லு," என்று அவள் குழந்தையிடம் சொன்னபோது, குழந்தை தான் டாட்டா சொல்லாமல், "அப்பா, சொல்லு," என்று அவரிடமே திருப்பிக் கேட்டது. அவர் ஜன்னலுக்குள்ளிருந்து கையை ஆட்டினார். நடத்துநர் விசில் ஊதினார்.

வீட்டுக்கு நடக்கும்போது தங்கை கேட்டாள்.

"இன்னும் ஒரு மாசம் மழை இல்லாம இருந்திருந்தா அடுப்பு காஞ்சிருக்குமா அண்ணா?"

"காஞ்சிருக்கும்."

"கைப்பிடி நல்லா வந்திருக்குமா?"

"வந்திருக்கும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். வராது என்று நான் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது உண்மையில்லை.

பிரஸ்களை ஆரணிக்காரர் ஒருவர் வாங்கிக்கொள்ள வந்தார். பெண்கள் சிலர் செங்கல் சூளைக்குப் போனார்கள். ஷெட்டை ஒழித்து, கடைசிப் பொருட்களை எடுக்கத் தை மாதம் நான் போனேன். வெயில் அடித்தது. பின்பக்கம் போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். செங்கல் உலர்ந்து, தட்டினால் மணிபோல் ஒலித்தது. கிடந்த சவுக்குக் கட்டையை எடுத்துத் தீ மூட்டினேன். மூலையில் அச்சிலிருந்து எடுத்தபடியே வேகாத கைப்பிடிகள் கொஞ்சம் கிடந்தன. ஒரு டின் மணலில் புதைத்து, தணலை வாரிவிட்டு உள்ளே வைத்தேன். வாய்ப்பக்கமும் பின்பக்கமும் ஒரே சூடு. சாயங்காலம்வரை தெர்மாமீட்டர் முள் இம்மியும் தடுமாறாமல் நான் எழுதி வைத்திருந்தபடியே இறங்கியது. அன்று நான் ரயிலுக்குப் போகவில்லை. தங்கை வீட்டில் தங்கினேன்.

காலையில் போய் எடுத்து வந்தேன். ஒரு குறையும் இல்லை. அவளுடைய குக்கரின் கைப்பிடி அந்த மழைக்காலத்தில்தான் மரத்தூள் அடுப்புத் தீயில் கருகிப்போயிருந்தது. அதற்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளட்டும் என்று புதிதில் ஒன்றைச் சமையல்கட்டில் வைத்தேன்.

"நல்லா வந்துடுச்சா?" என்றாள்.

"வந்துடுச்சி."

அதைக் கையில் எடுத்தாள். சற்று நேரம் அதன் கனத்தைப் பார்த்தாள். பிறகு கையை உயர்த்திச் சிமெண்டுத் தரையில் போட்டாள். அது துள்ளிப்போய்ச் சுவரோரம் விழுந்தது. போய் எடுத்து வந்தாள். இந்தத் தடவை கையை இன்னும் உயர்த்தி, வேகமாக எறிந்தாள். குழந்தை விளையாட்டென்று நினைத்துக் கைதட்டியது. தங்கை மறுபடியும் குனிந்து எடுத்தாள், மறுபடியும் எறிந்தாள். வாசற்படியில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை எறிந்தும் அது உடையவில்லை.